குப்பையில் கிடந்த வலி

எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் ஓடி ஐந்து மாதம் ஆகிறது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷர் இதே கட்டிடத்தின் நாலாவது மாடியில்தான் குடியிருக்கிறார். கேட்டால், “இது என் கம்பெனி லிஃப்ட் இல்லக்கா, கை வச்சா என் வேலை போயிடும்” என்பார். நான் விடியற்காலையில் பேக்கரியில் ரொட்டி ஏற்றி, கடை கடையாய் இறக்கிவிட்டு, பத்து மணிக்கு வேனை நிறுத்திவிட்டு மேலே ஏறும்போதெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் ஏறுவேன். என் வீடு அவர்கள் வீட்டுக்கு எதிர்க் கதவு. எவ்வளவு திட்டினாலும், மிஞ்சிய ரொட்டி ஒன்று அவர் மனைவிக்காக என் கையில் இருக்கும்.

அந்த மனைவிக்கு நான் வைத்த பெயர் புகார்க்காரி. குழாய்த் தண்ணீர் அலுவலகத்தில் புகார் போன் எடுக்கிற வேலை அவளுக்கு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை குழாயில் காற்று வருகிறது, தண்ணீர் கலங்கி வருகிறது, தண்ணீரே வரவில்லை என்று ஊரே அவள் காதில் வந்து விழும். ஆள் போய்ப் பார்த்தால் சில வீட்டில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டும். அதற்கு நேரே ‘வெற்றுப் புகார்’ என்று எழுத வேண்டும். அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. “ஒரு மனுஷன் ஏணியையும் ஸ்பேனரையும் தூக்கிட்டு அவ்வளவு தூரம் போறான், இவங்களுக்கு மனசாட்சி வேண்டாமாக்கா?” என்று வீட்டுக்கு வந்தும் பொரிந்து தள்ளுவாள்.

அவளுக்கு எட்டாம் மாதம். போன தடவை ஆறாம் மாதத்திலேயே கை நழுவிப் போய்விட்டது. அதனால் இந்தத் தடவை வயிறு லேசாக இறுக்கிப் பிடித்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாலு தடவை என் வேனில்தான் போனோம். நாலு தடவையும் வயிற்றில் பெல்ட்டைக் கட்டி, கால் மணி நேரம் காகிதம் ஓட்டிப் பார்த்தார்கள். கோடு நேராகப் போனது. “சூட்டு வலிம்மா, நெறைய தண்ணி குடி, படு” என்று அனுப்பிவிட்டார்கள். நாலாவது தடவை அந்த டியூட்டி நர்ஸ், “சூட்டு வலிக்கெல்லாம் ஓடி வந்தா நிஜமா வலிக்கிறவங்கள நான் எங்கம்மா படுக்க வைக்கிறது?” என்று கேட்டுவிட்டாள். பாவம், அவளும் அன்றைக்கு எத்தனை மணி நேரமாய் நின்றுகொண்டிருந்தாளோ. ஆனால் திரும்பி வரும்போது புகார்க்காரி வேனின் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றவள், “நானும் வெத்துப் புகாரா ஆயிட்டேன்க்கா” என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! “போடி இவளே, வயிறு உன்னோடது, வலி உன்னோடது, அவங்க யாரு முத்திரை குத்தறதுக்கு?” என்று கத்தினேன். அவள் கேட்கவில்லை. மிச்சப் படியும் ஏறி, கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள்.

லிஃப்ட்காரருக்கு ஒரு தங்கை. அதே ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு சின்ன அறையில் அவளுக்கு ஆராய்ச்சி வேலை. எந்நேரமும் தோள் பையிலிருந்து நாலு ஒயர் தொங்கும், அதனால் எங்களுக்கு அவள் பெயர் ஒயர். கர்ப்பிணிகளின் வயிற்றில் ஈ.சி.ஜி.க்கு ஒட்டுகிற மாதிரி ஒட்டு ஒட்டி, உள்ளே நடப்பதைக் கம்ப்யூட்டரில் அலை அலையாய் எடுத்துப் படிப்பாள். கர்ப்பப்பையும் சதைதானே, சுருங்கும்போது அதில் மின்சாரம் ஓடுமாம்.

“பெல்ட்டு வெளியில இருந்து தொட்டுப் பார்க்குது ரொட்டிக்கா. என் பெட்டி உள்ள நடக்கற பேச்சையே ஒட்டுக் கேக்குது” என்பாள்.

அந்த நாலாவது தடவைக்கு அடுத்த வாரம் வந்து, “அண்ணி, உங்க வயித்த எனக்கு நாலு நாளைக்கு இரவல் குடுங்க” என்று கேட்டாள்.

“திருப்பித் தருவியாடி?”

“ஒரு கீறல் இல்லாம தந்துடறேன்.”

நாத்தனாருக்கு வேலையில் உதவி என்றதும் புகார்க்காரி சரி என்றாள். தொப்புளைச் சுற்றி நாலு ஒட்டு. இடுப்பில் சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு ஒயரில் ஒரு சிவப்புப் பட்டன். வலி வந்தால் ஒரு தடவை, போனால் ஒரு தடவை அமுக்க வேண்டும். பெட்டி அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் அவள் அறைக் கம்ப்யூட்டர், அமுக்கிய இடத்தையெல்லாம் வெட்டி ‘வலி’ என்று தனியாக வைத்துக்கொள்ளும். வலி எப்படி இருக்கும் என்று அதற்குப் பாடம் நடத்துகிறார்களாம். மற்றதெல்லாம் தும்மியது, இருமியது, திரும்பிப் படுத்தது. அதைப் போட்டு வைக்க ஒயர் ஒரு இடம் வைத்திருந்தாள். அதற்கு அவள் வைத்த பெயர் ‘குப்பை’.

மூன்று நாள் போயிற்று. ‘வலி’யில் ஒன்றுகூட விழவில்லை. ஒயருக்குச் சந்தோஷம். “அண்ணி வயிறு அமைதியா இருக்குக்கா, தூங்கற பாப்பா” என்று படிக்கட்டில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நானும் சந்தோஷப்பட்டேன், முட்டாள்.

நாலாம் நாள் காலையில் மழை ஊற்றியது. மூன்று நாளாகவே ஊற்றிக்கொண்டுதான் இருந்தது. ரொட்டித் தட்டுகளைப் பிளாஸ்டிக் போர்த்தி இறக்கி, நனைந்த கோழியாய் மேலே ஏறி வந்தேன். புகார்க்காரி லீவில்தான் இருந்தாள். அடுப்பில் முட்டை பொரிந்துகொண்டிருந்தது. ரொட்டியைக் கொடுத்தேன். வெட்டினாள். நாலாவது துண்டில் கத்தி நின்றது. மேடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்தாள். முட்டை கருகியது. நான் அடுப்பை அணைத்தேன்.

“என்னடி ஆச்சு?”

“ஒண்ணுமில்லக்கா. முதுகு பிடிச்சிருக்கு.”

“முட்டை கருகற அளவுக்கா முதுகு பிடிக்கும்?”

“நீங்க உக்காருங்க. டீ போடறேன்.”

டீ போட்டாள். குடித்தோம். குழாய் உடைந்து ஒரு தெருவே ஆறானதைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் நின்று, டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனி வெளுத்தது. கொஞ்ச நேரம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இது முதுகு வலி இல்லை என்று தோன்றியது. ஆனால் எனக்குப் பிள்ளை பெற்ற அனுபவம் கிடையாது, என்னத்தைச் சொல்வது?

அப்போதுதான் படியில் தடதடவென்று சத்தம். நாலு மாடியும் ஓடியே ஏறி வந்து ஒயர் வாசலில் நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மடிக்கணினியைக் குப்பைக் கவரில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருக்கிறாள். மூச்சு விட முடியவில்லை, ஆனாலும் அண்ணியை முறைக்கிறாள்.

“அண்ணி. நீங்க ஏன் அமுக்கல?”

புகார்க்காரி டம்ளரைக் கீழே வைத்தாள். “என்ன அமுக்கல?”

“பட்டன! மெமரி நிறைஞ்சு போச்சுன்னு குப்பையக் கொட்டப் போனேன். அழிக்கறதுக்கு முன்னாடி சும்மா ஒரு தடவை திறந்து பார்த்தேன். உள்ள பூராவும் வலி! நேத்து சாயங்காலத்துல இருந்து! இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு, அப்புறம் பத்து நிமிஷம், இப்ப ஆறு! வரிசையா நிக்குது! நீங்க அமுக்காததால என் மெஷின் அத்தனையும் இருமல்னு நெனச்சுக் குப்பையில தள்ளியிருக்கு!”

“சூட்டு வலிடி. அமுக்கினா நீ பயந்து கூப்பிட்டுப் போவே. அங்க பெல்ட்டக் கட்டுவாங்க. கோடு நேரா போகும்.” அவள் குரல் உடைந்தது. “அஞ்சாவது தடவை என்னால அந்த நர்ஸ் மூஞ்சியில முழிக்க முடியாது.”

நான் எழுந்துவிட்டேன். “நர்ஸ் மூஞ்சிக்காகப் புள்ளைய விட்டுக்குடுப்பியா நீ?”

“அக்கா, திட்டாதீங்க” என்று ஒயர் அண்ணியின் காலடியில் உட்கார்ந்தாள். “இது சூட்டு வலி இல்ல அண்ணி. சூட்டு வலின்னா நாலு ஒட்டுலயும் நாலு விதமா அலை வரும். இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. முதல் ரெண்டு நாள் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப நாலும் சேர்ந்து எழும்புது. அலையோட துடிப்பும் வேகமாயிட்டே வருது. கர்ப்பப்பை முழுசா ஒண்ணு கூடிட்டுது.”

அது எனக்குச் சட்டென்று புரிந்தது. சேற்றில் மாட்டின வேனை நாலு பேர் ஆளுக்கொரு நேரத்தில் தள்ளினால் அசையாது. ஒரே மூச்சில் தள்ளினால் கிளம்பிவிடும். கிளம்பக் கூடாத நேரத்தில் இவள் வயிறு கிளம்பிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

“இப்பவே பொறந்தா?” என்று கேட்டேன்.

“நுரையீரல் இன்னும் தயாரா இருக்காது. அதுக்கு ஊசி இருக்கு. ஆனா ஊசி போட்டு ரெண்டு நாளாவது உள்ள இருக்கணும். அந்த ரெண்டு நாள் வேணும்க்கா நமக்கு!” என்றாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். “குப்பைன்னு பேரு வச்சது நான்தானே. திறந்து பார்த்திருக்கணும்ல.”

புகார்க்காரி அவள் கையைப் பிடித்துத் தலையிலிருந்து இறக்கினாள். “பைய எடுடி” என்றாள்.

லிஃப்ட்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. எங்கேயோ பத்து மாடிக் குழிக்குள் கயிறு மாட்டிக்கொண்டிருப்பார். அவர் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, நாலு மாடி இறங்கினோம். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நாற்காலி போட்டு உட்கார வைத்து இறக்கினோம். அந்த லிஃப்டைத் திட்டின திட்டில் கட்டிடமே கதவைத் திறந்து பார்த்தது.

வேனின் பின்பக்கத்தில் காலித் தட்டுகளை ஓரமாய் அடுக்கி, மாவுச் சாக்குகளை விரித்துப் படுக்க வைத்தேன். ஒயர் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடும். நான் பாதிக் கண்ணாடியில் எட்டிப் பார்த்துக்கொண்டு முதல் கியரில் உறுமிக்கொண்டே போனேன். பின்னால் இருந்து ஒயர் குரல் கொடுத்தபடி வந்தாள்.

“அண்ணி, கிளம்புது. மூச்ச விடுங்க.”

“இன்னும் ஒண்ணும் தெரியலயேடி.”

“வரும். வரும்… எழும்புது பாருங்க.”

“ஆ… வந்துடுச்சு! எப்படிடி உனக்கு எனக்கு முன்னாடியே தெரியுது?”

“உங்க வயிறு உங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லிடுது. நம்ம குடும்பத்துல யாரு வாயத்தான் பூட்ட முடியுது, உங்க வாயத் தவிர!”

அந்த நேரத்திலும் புகார்க்காரி சிரித்தாள். சிரித்ததில் வலி இன்னும் ஏற, “சிரிக்க வைக்காதடி பாவி” என்று நாத்தனாரின் முடியைப் பிடித்து இழுத்தாள். நான் சிக்னலையெல்லாம் பார்க்கவில்லை. என்னைப் பிடித்து உள்ளே போட்டாலும் போடட்டும் என்று ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் அதே டியூட்டி நர்ஸ். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பெல்ட்டைக் கட்டினாள். காகிதம் ஓடியது. நாங்கள் எல்லோரும் அதில் கோடு போடும் முள்ளையே பார்த்தோம். ஒயர் மெதுவாக, “வருது” என்றாள். புகார்க்காரி பல்லைக் கடித்தாள். காகிதத்தில் கோடு நேராகப் போயிற்று.

“ஒண்ணும் இல்லையேம்மா” என்றாள் நர்ஸ். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை, அலுப்புதான்.

புகார்க்காரி எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரி செய்யத் தொடங்கினாள். “நான்தான் சொன்னேன்ல” என்று எங்களைப் பார்க்காமலே சொன்னாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒயர் ஓடிப்போய் வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பெரிய டாக்டரம்மாவை மறித்து, கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டி வந்தாள்.

டாக்டரம்மா மடிக்கணினித் திரையைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். “உன் பெட்டி இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. அது சொல்லுதுன்னு நான் ஊசி போட முடியாது. தெரியும்ல?”

“தெரியும் மேடம். போட வேண்டாம். ஒரே ஒரு காரியம் பண்ணுங்க. அண்ணி வயித்துல கை வச்சு உக்காருங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கறேன், திரைய மட்டும் பார்த்துச் சொல்றேன். அண்ணி வாயத் திறக்க மாட்டாங்க, அது அவங்களுக்குக் கைவந்த கலை. பெல்ட்டு ஒரு இடத்தத்தான் தொடுது, அதுக்கு எட்டலன்னாலும் உங்க கைக்குத் தெரியும்.”

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்தாள். பரீட்சை ஹாலில்கூட அப்படி ஒரு அமைதி இருக்காது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று நிமிடம். நாலு.

“கிளம்புது” என்றாள் ஒயர், ஜன்னல் பக்கம் திரும்பிக் கையிலிருந்த திரையைப் பார்த்தபடி.

டாக்டரம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிறகு அவள் புருவம் மெல்ல ஏறியது. இன்னொரு கையையும் வயிற்றில் வைத்தாள்.

“ஏறுது… ஏறுது… இப்ப உச்சி.”

“கல்லு மாதிரி இருக்கு” என்று டாக்டரம்மா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

“இறங்குது. போயிடுச்சு.”

“ஆமா. தளர்ந்துடுச்சு.” அவள் கையை எடுக்கவில்லை. “இன்னொண்ணு பார்க்கலாம்.”

அடுத்தது ஐந்து நிமிடத்திலேயே வந்தது. ஒயர் ‘கிளம்புது’ என்று வாயெடுத்ததும் டாக்டரம்மா தலையை ஆட்டினாள். அது உச்சிக்குப் போகும்வரைகூடக் காத்திருக்கவில்லை. “சிஸ்டர், ஸ்கேன் ரூம் காலியான்னு பாருங்க. நடக்க விடாதீங்க, வண்டியக் கொண்டு வாங்க!”

நர்ஸ் ஓடினாள். சும்மா சொல்லக் கூடாது, செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினாள்.

ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளம் பாதிக்கு மேல் குறைந்து, திறக்கத் தயாராகிவிட்டிருந்தது. இன்னொரு பகல் விட்டிருந்தால் வீட்டிலேயே பிறந்திருக்கும் என்றாள் டாக்டரம்மா. மத்தியானம் பன்னிரண்டரைக்கு நுரையீரலுக்கான முதல் ஊசி போட்டார்கள், வலியை அடக்க மாத்திரை கொடுத்தார்கள். “ரெண்டு நாள் தாங்கினா நல்லது. தாங்கும்னு நான் வாக்கு குடுக்க முடியாது” என்றாள்.

லிஃப்ட்காரர் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தார், முழங்கைவரை கிரீஸ். மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தொடவும் முடியாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல” என்றார்.

“உங்ககிட்ட சொன்னா நீங்க உங்க தங்கச்சிக்கு முன்னாடி அழுதிடுவீங்க” என்றாள் அவள்.

அந்த இரண்டு நாளும் நாங்கள் இருந்தது, வலிக்கு வலி எத்தனை நிமிடம் என்கிற கணக்கிலேயே. ஐந்து நிமிடம் எட்டானது. எட்டு பதினைந்தானது. அது எங்களுக்கு லாட்டரி. நான் வேலையை முடித்துவிட்டு நேரே அங்கே போவேன். வார்டு முழுக்க ரொட்டி கொடுப்பேன். டியூட்டி நர்ஸ் சாப்பிட நேரமில்லாமல் நின்றுகொண்டே வெறும் ரொட்டியைத் தின்றாள். தின்றுகொண்டே ஒயரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “இது எங்க கிளம்புது, எங்க சேருது, எனக்கும் காட்டு” என்று கேட்டுக்கொண்டாள். பிறகு கட்டிலருகில் போய்ப் புகார்க்காரியின் போர்வையை இழுத்துவிட்டு, “அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா” என்றாள். புகார்க்காரி, “பரவாயில்ல சிஸ்டர், நானும் போன்ல அப்படித்தான் பேசுவேன்” என்றாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. மூன்றாம் நாள் காலையில் பன்னிரண்டு நிமிடம், பதினொரு மணிக்கு ஏழு. மாத்திரைக்கு வலி அடங்கவில்லை. பன்னிரண்டரை எப்போது அடிக்கும் என்று நானும் லிஃப்ட்காரரும் வராந்தாக் கடிகாரத்தின் கீழ் நின்றோம். அடித்தது! நாற்பத்தெட்டு மணி நேரம்! நான் அந்த மனுஷரின் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். அன்றைக்கும் வேலைக்கு நடுவில்தான் ஓடி வந்திருந்தார், என் சட்டை முழுக்கக் கிரீஸ்.

அதற்குள் உள்ளே இருந்து ஒரு சத்தம். “சிஸ்டர்! வருது! எல்லாரும் ஓடி வாங்க! சீக்கிரம் வாங்க!” யார் இப்படிக் கத்துகிறார்கள் என்று ஒரு நொடி எனக்கே புரியவில்லை. நம் புகார்க்காரிதான். டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள், நர்ஸைக் கூப்பிட்டாள், புருஷனை வசவோடு கூப்பிட்டாள், என்னையும் கூப்பிட்டாள். அடுத்த வார்டில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒயர் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, “கத்துங்க அண்ணி, கத்துங்க” என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் பெண் குழந்தை. ஒரு கிலோ தொள்ளாயிரம். பிறந்ததும் ஒரு கணம் சத்தமே இல்லை. லிஃப்ட்காரர் என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியிருக்கும். அப்புறம் வந்தது பாருங்கள் ஓர் அழுகை!

கதவு திறந்தது. நர்ஸ் குறைமாதப் பிள்ளைகளை வைக்கிற சூட்டுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உள்ளே என் பெரிய ரொட்டி ஒன்றைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக, சிவப்பாக, வாயைப் பிளந்துகொண்டு ஒரு ஜீவன். “அடேயப்பா, இத்தனூண்டு இருந்துக்கிட்டு என்ன சத்தம்! ஷ்ஷ்ஷ், போதும்டி கண்ணு, சும்மா இரு” என்று நர்ஸ் கொஞ்சினாள்.

உள்ளே கட்டிலிலிருந்து புகார்க்காரி தலையைத் தூக்கினாள்.

“சும்மா இருன்னு சொல்லாதீங்க சிஸ்டர்” என்றாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. “அவளுக்கு எவ்வளவு நேரம் கத்தணுமோ கத்தட்டும்.”

நர்ஸ் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் தள்ளினாள். வராந்தாவின் கடைசிவரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே போனது.